மூன்று மரியா கரோலினாக்கள்

கேள்வி: ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசகுல வம்சாவளியைப் பார்த்தேன். மகாராணி மரியா தெரசாவின் மகள்களில் மூன்று பேருக்கு 'மரியா கரோலினா' என்றே பெயர் போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா? அது போகட்டும், கில்லட்டினில் தலை போன பிரெஞ்சு ராணி மேரி ஆன்டனெட்டைத் தவிர மற்ற மகள்களைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? அரண்மனையில் சொகுசாகத்தானே வாழ்ந்திருப்பார்கள்?

பதில்: பிழை இல்லை. மரியா தெரசாவுக்குப் பிள்ளைகள் 16. அதில் பெண்கள் 11. 1740-ல் பிறந்த மரியா கரோலினா ஒரு வயது நிறைந்த கையோடு இறந்தாள். 1748-ல் பிறந்தவளுக்கும் அதே பெயர்; அவள் பிறந்த அன்றே போய்விட்டாள். 1752-ல் பிறந்த மூன்றாமவள்தான் தங்கினாள்.

'என்ன இருக்கிறது' என்று கேட்டீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. தங்கிய அந்த கரோலினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1756-ல் ஆஸ்திரியா பிரான்சோடு கூட்டுச் சேர்ந்தது. உறவு கெட்டிப்பட வேண்டுமானால் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலியின் நேப்பிள்ஸ், பார்மா எங்கும் ஆண்ட பூர்போன் குடும்பத்தில் சம்பந்தம் செய்தாக வேண்டும். நேப்பிள்ஸ் அரசன் ஃபெர்டினாண்டுக்கு முதலில் பேசிய பெண் ஜோஹன்னா. 1762-ல், 12 வயதில், பெரியம்மை அவளைக் கொண்டுபோனது. சரி, தங்கை ஜோசஃபா இருக்கிறாளே என்றார்கள். 1767 அக்டோபரில், 16 வயதில், அவளையும் அதே அம்மை கொண்டுபோனது. அடுத்தவள் கரோலினா. 1768-ல், 15 வயதில், அவளை அனுப்பிவைத்தார்கள். மாப்பிள்ளை மாறவில்லை, பெண்தான் மாறிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் கப்புச்சின் தேவாலயத்தின் அடியில் அரச குடும்பத்தின் கல்லறை இருக்கிறது. மரியா தெரசாவும் கணவரும் படுக்கையிலிருந்து எழுந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுபோல் அவர்களுடைய பெரிய பேழையின்மேல் சிலை வடித்திருக்கிறார்கள். ஜோஹன்னாவும் ஜோசஃபாவும் அதே மண்டபத்தில்தான் கிடக்கிறார்கள். இதைச் சொகுசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1769-ல் அமாலியாவை, மனதுக்குப் பிடித்தவனை விட்டுப் பிரித்து, பார்மாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1770-ல் 14 வயது அன்டோனியா பிரான்சுக்குப் போனாள். அவள்தான் நீங்கள் சொல்லும் மேரி ஆன்டனெட். அழகி என்று பேரெடுத்த எலிசபெத்தின் முகத்தில் அம்மைத் தழும்பு விழுந்ததும் கல்யாணப் பேச்சே நின்றுபோனது. விரும்பியவரை மணக்க முடிந்தது, அம்மாவின் செல்லமான கிறிஸ்டினா ஒருத்திக்குத்தான்.

கரோலினா அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. ஆண் வாரிசு பிறந்தால் ராணிக்கு அரசு ஆலோசனைச் சபையில் இடம் என்று கல்யாண ஒப்பந்தத்தில் இருந்தது. 1775-ல் மகன் பிறந்தான். அப்புறம் நேப்பிள்ஸை உண்மையில் ஆண்டது அவர்தான். 1793-ல் தங்கை அன்டோனியாவின் தலையை பாரிஸில் வெட்டினார்கள். 1806-ல் நெப்போலியனின் படை கரோலினாவை நேப்பிள்ஸிலிருந்து சிசிலிக்கு விரட்டியது. நான்கே வருடத்தில், 1810-ல், வியன்னா அதே நெப்போலியனுக்குப் பெண் கொடுத்தது. அந்த 18 வயதுப் பெண் மேரி லூயிஸ், கரோலினாவுடைய மகளின் மகள்.