பழைய டூ ஸ்ட்ரோக் படகு மோட்டாரில் எஞ்சின் ஆயில் வடிக்கும் திருகு எங்கே இருக்கிறது?

தேடாதீர்கள், கிடையாது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்துவிடுகிறது. மாற்ற வேண்டியது புரொப்பல்லர் பக்கத்துக் கியர் ஆயிலை மட்டுமே.

மோட்டாரை நிமிர்த்தி நிறுத்தி, கியர் பெட்டியின் அடித் திருகைக் கழற்றிவிட்டு மேல் திருகையும் கழற்றுங்கள். காற்று புகுந்தால்தான் முழுவதும் வடியும். பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் அடித் திருகுக்கு அருகில் கூட்டல் குறித் தலையோடு இன்னொன்று இருக்கும். அதைத் தொட்டுவிடாதீர்கள், கியர் மாற்றும் அமைப்பு உள்ளே கழன்றுவிடும்.

வடிந்தது பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் சீல் (தண்ணீரைத் தடுக்கும் வளையம்) வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும் (பொறுமையிழந்து நானும் ஊற்றியிருக்கிறேன்). மேல் துளையில் குமிழியில்லாமல் ஆயில் எட்டிப் பார்த்ததும் முதலில் மேல் திருகு, பிறகு கீழ்த் திருகு. வாஷர் இரண்டும் புதிதாக இருக்கட்டும்.