ஓரமாக நிற்கும் பையன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். மாணவர் அறிக்கையில் ‘சமூக, உணர்ச்சி வளர்ச்சி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ‘அமைதியானவன்’, ‘நன்றாகப் பழகுகிறாள்’ என்று எதையாவது எழுதி நிரப்பிவிடுகிறேன். என் வகுப்பில் ஒரு பையன் இடைவேளையில் யாருடனும் சேராமல் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறான். அவனைப் பற்றி என்ன எழுதுவது? கையைப் பிடித்து விளையாட்டில் சேர்த்துவிடலாமா? இத்தனை பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரையும் கவனிக்க முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையனை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். தினமும் ஒரே கூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறானா, யாருமே இல்லாத இடமாகத் தேடிப் போகிறானா? அவர்கள் சிரிக்கும்போது இவன் முகத்திலும் சிரிப்பு வருகிறதா? பந்து இவன் பக்கம் உருண்டு வந்தால் எடுத்து எறிகிறானா, விலகி வழிவிடுகிறானா? எறிந்த பிறகு ஓர் அடி முன்னால் வந்து நிற்கிறானா? தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே ‘சேரமாட்டான்’தான். ஆனால் ஓர் அடி முன்னால் வருகிறவனும் வழிவிடுகிறவனும் வேறு வேறு பிள்ளைகள்.

மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மழலைப் பள்ளிக் குழந்தைகளின் விளையாட்டைக் கவனித்து 1932இல் ஆறு வகையாகப் பிரித்தார். அதில் வேடிக்கை பார்ப்பதும் ஒரு வகை. தனியாக விளையாடுவது கீழ்ப்படி, சேர்ந்து விளையாடுவது மேல்படி என்று பலர் அதைப் புரிந்துகொண்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சேர்ந்து விளையாடத் தெரிந்த குழந்தையும் மும்முரமாக எதையாவது கட்டும்போது தனியாகத்தான் இருக்கும்.

பார்ட்டனிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் கவனித்த முறை. ஒரு குழந்தையை ஒரு முறைக்கு ஒரு நிமிடம்தான் பார்த்தார். ஆனால் வெவ்வேறு நாள்களில் திரும்பத் திரும்பப் பார்த்தார். உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று பேர் போதும். சின்ன நோட்டில் நேரம், இடம், அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பிறகு என்ன ஆனது, அவ்வளவுதான். ‘கோபக்காரி’ என்று எழுதாதீர்கள். ‘வரிசையில் பின்னால் இருந்தவன் தள்ளினான், இவள் பையை வீசினாள், பிறகு தானே போய் எடுத்து வந்தாள்’ என்று எழுதுங்கள். தானே போய் எடுத்தது உணர்ச்சி வளர்ச்சியில் பெரிய விஷயம். ‘கோபக்காரி’ என்று எழுதியிருந்தால் அது காணாமல் போயிருக்கும். அடுத்த வருட ஆசிரியர் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பட்டத்தைப் படித்துவிடுவார் என்பது இன்னொரு கவலை.

எப்போது பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். பாட நேரத்தில் எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். மணி அடித்த பிறகு, குழு பிரிக்கும்போது, விளையாட்டில் தோற்றவுடன் பாருங்கள். அழுதால் எவ்வளவு நேரத்தில் தேறுகிறது, யாரிடம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. யாராலும் கவனிக்கப்படாத குழந்தையும், மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்குகிற குழந்தையும் ஒன்றல்ல. 1980களில் கோய், டாட்ஜ் போன்ற அமெரிக்க உளவியலாளர்களின் ஆய்வுகள் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டின. முதல் நிலை சீக்கிரம் மாறக்கூடியது. இரண்டாவது வருடக்கணக்கில் தொடரலாம். அதில்தான் பெரியவர்கள் தலையிட வேண்டும். உங்கள் பையன் கேட்டு, மற்றவர்கள் மறுக்கிறார்களா என்று பாருங்கள். அதற்காக ‘யாரைப் பிடிக்காது’ என்று மட்டும் வகுப்பில் கேட்டுவிடாதீர்கள்.

கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். எல்லோரும் அவனையே பார்ப்பார்கள், அவன் இன்னும் சுருங்கிப்போவான். அவன் அதிகம் பார்க்கிற கூட்டத்திலிருந்து ஒரே ஒரு பிள்ளையோடு சேர்த்து ஒரு வேலை கொடுங்கள். நோட்டுகளை அடுக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

இது முன்பிருந்தே ஓரமாக நிற்கிற பையனுக்குச் சொன்னது. நேற்றுவரை ஓடியாடிய பிள்ளை திடீரென்று ஒதுங்கினால் நோட்டு நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், வீட்டிலும் விசாரியுங்கள்.