டாஸ் விளையாட்டில் இசை வருகிறது, பேச்சு வரவில்லை: சவுண்ட் கார்டு போய்விட்டதா?

போகவில்லை. வேறொன்று வாங்கப் பணம் கட்டக் கிளம்பியிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். விண்டோஸுக்கு முன் புழங்கிய டாஸில் ஓடும் விளையாட்டில் இசை கேட்கிறது, துப்பாக்கிச் சத்தமும் பேச்சும் மட்டும் இல்லை என்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

உங்கள் சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டில் அந்த இசையைத் தானே உண்டாக்குவது எஃப்எம் சிப். அதற்கு ஐஆர்க்யூவும் (கார்டு செயலியை, அதாவது பிராசசரை, கூப்பிடும் எண்ணிட்ட வழி) வேண்டாம், டிஎம்ஏவும் (செயலியின் கை படாமல் நினைவகத்திலிருந்து தரவு வரும் வழி) வேண்டாம். விளையாட்டு 388ஆம் போர்ட்டில், அதாவது அந்தச் சிப்பின் முகவரியில், நேரடியாக எழுதினாலே பாடிவிடும். பதிவு செய்த ஒலியின் கதை வேறு. நினைவகத்திலிருந்து டிஎம்ஏ வழியாக ஒலி துண்டு துண்டாக வரும். ஒரு துண்டு முடிந்ததும் "அடுத்தது எங்கே?" என்று கார்டு ஐஆர்க்யூ மூலம் செயலியைக் கூப்பிட வேண்டும். அந்தக் கூப்பாடு போய்ச் சேராவிட்டால் ஒன்று மௌனம், இல்லையென்றால் கீறல் விழுந்த இசைத்தட்டைப் போல ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வரும்.

டாஸ் தொடங்கும்போது படிக்கும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில், கார்டின் அமைப்பைச் சொல்லும் பிளாஸ்டர் வரியில் முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, உயர் டிஎம்ஏ 5 என்று இருக்கிறதா பாருங்கள். விளையாட்டின் செட்டப்பிலும் அதே எண்கள் வேண்டும். சில விளையாட்டுகள் அந்த வரியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்திருப்பீர்கள். "போன வாரம் நன்றாகப் பேசியது" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் வீடு வீடாகப் போய்க் கணினி பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வக்கீல் வீட்டில் இதே கார்டு, பிளக் அண்ட் பிளே (கணினியே கார்டைக் கண்டுபிடித்து எண்களை ஒதுக்கும் வசதி) வருவதற்கு முந்தைய வகை, ஒரு பென்டியத்தில் இருந்தது. நான் போனால் பேசும். சில நாள் கழித்து மறுபடி தொலைபேசி வரும். வக்கீலின் மைத்துனர் ஒருவர், "சர்வீஸ்காரர்கள் அசல் கார்டைக் கழற்றிக்கொண்டு போலியை மாட்டிவிடுவார்கள்" என்று நான் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நிற்கும்போதே சொன்னார். பதில் சொல்லவில்லை. வக்கீலின் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, விளையாட்டைச் சேமித்த கோப்புகளை 'டிர்' என்ற பட்டியல் கட்டளை போட்டுக் காட்டச் சொன்னேன். பாதிக் கோப்புகளின் தேதி 01-01-80. தேதியை மறந்த கணினி போடும் தேதி அது.

"கணினி போட்டதும் ஏதாவது எழுத்து வருமா, தம்பி?"

"எஃப்1 அழுத்தச் சொல்லும், அண்ணா. அழுத்தினால் போய்விடும்."

அவ்வளவுதான் விஷயம். கணினி அணைந்திருக்கும்போது தேதியையும் அமைப்புகளையும் காப்பாற்றும் பேட்டரி, மதர்போர்டில் இருந்த சிஆர்2032, தீர்ந்துகொண்டிருந்தது. ஓர் இரவு தாங்கும். குடும்பம் ஊருக்குப் போய்வந்தால் தாங்காது. அதோடு, கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரல் தன் பழைய அமைப்புக்குத் திரும்பும். ஐஆர்க்யூ 5ஐ, பழைய ஐஎஸ்ஏ வகைச் செருகியில் இருந்த அந்த சவுண்ட் கார்டுக்கென நான் ஒதுக்கிவைத்ததும் அழிந்துபோகும். ஐந்து காலிதான் என்று நினைத்து அதை பிசிஐ என்ற புதிய வகைச் செருகியில் இருக்கும் டிஸ்ப்ளே கார்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். உங்கள் இயந்திரத்திலும், டாஸ் ஏறுவதற்குச் சற்று முன் பிசிஐ கார்டுகளின் பட்டியல் ஒன்று மின்னி மறையும். பாஸ் விசையை அழுத்தி அதை நிறுத்திப் பாருங்கள். எதற்காவது நேராக 5 இருந்தால் அதுதான் திருடன்.

நெட்வொர்க் கார்டோ இரண்டாவது பிரிண்டர் போர்ட்டோ ஐந்தைப் பிடித்திருக்கலாமே என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். பிடித்திருக்கலாம். ஆனால் அவை போன வாரமும் அங்கேதானே இருந்தன? புதிய கணினியில் டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரலைப் போட்டால் போதுமே என்பவர்களுக்கு: போதும். கேள்வி அனுப்பியவர் கேட்டது அதையல்ல.

பேட்டரியை மாற்றியபின் வக்கீல் கேட்டார்: "பேட்டரி விலை என்ன, தம்பி?" அந்தக் காசை மட்டும் கொடுத்தார். அவர் ஒரு பத்திரத்தைப் புரட்டிப் பார்க்கவே கட்டணம் வாங்குகிறவர். இன்றும் நிலைமை மாறவில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும் முன்பே யாராவது மடிக்கணினியை நீட்டுகிறார்கள். ரிமோட் வேலை செய்யாததற்கும், கைபேசியில் பேரன் படம் திறக்காததற்கும், ஆதாரில் பெயர் தப்பாக இருப்பதற்கும் நான்தான் பொறுப்பு. சமையல்காரரிடம் யாராவது இப்படி ஓசியில் ஒரு தோசை கேட்பார்களா? சரி, விடுங்கள்.

பேட்டரியை மாற்றுங்கள். பயாஸில் பிசிஐ அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஐஆர்க்யூ 5ஐ 'லெகஸி ஐஎஸ்ஏ' என்று மாற்றிச் சேமியுங்கள். இரண்டு நாள் அணைத்து வைத்துவிட்டுத் தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். பென்டியம் என்று நானாக எடுத்துக்கொண்டேன். 486 என்றால், பீப்பாய் வடிவப் பேட்டரி போர்டிலேயே ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கலாம். அது கசிந்து சுற்றிலும் பச்சை படிந்திருந்தால் மின்சாரம் கொடுக்காமல், படம் எடுத்து இங்கே போடுங்கள்.