மெதுவாப் பேசுங்க, வெளியே கேட்குது: கிளினிக்கில் நோயாளியின் அந்தரங்கம் பற்றிக் கேள்வி பதில்

கிளினிக்குகளின் வரவேற்புப் பகுதியை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் வேலை. நோயாளியின் அந்தரங்கம் என்றதும் எல்லோரும் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் விஷயம் பெரும்பாலும் காது வழியாகத்தான் கசிகிறது. வந்த கேள்விகளும் அப்படித்தான் இருக்கின்றன.

வரவேற்பில் எல்லோர் முன்னாலும் "என்ன பிரச்சினை?" என்று கேட்கிறார்கள். சொல்லியே ஆக வேண்டுமா?

"டாக்டரிடம் சொல்லிக்கொள்கிறேன்" என்றால் போதும். ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நிற்காத ரத்தப்போக்கு மாதிரி என்றால் கூச்சம் பார்க்காமல் உடனே சொல்லிவிடுங்கள். யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று முடிவு செய்யத்தான் அவர்கள் கேட்பதே. மற்றவற்றை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நீட்டலாம்.

மேசையில் இருப்பவர்களுக்கும் ஒன்று: முகவரி, போன் நம்பரையெல்லாம் உரக்கப் படித்து "சரியா?" என்று கேட்காதீர்கள். படிவத்தை நோயாளி பக்கம் திருப்பி வைத்து, "இதில் ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேளுங்கள். வேலையும் சீக்கிரம் முடியும்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது தப்பா? டோக்கனுக்கு மாறிவிடலாமா?

பெயர் மட்டும் என்றால் பெரிய தப்பில்லை. இந்த விஷயத்தில் கறாரானது என்று பெயரெடுத்த அமெரிக்காவின் ஹிப்பா (நோயாளி தகவல் பாதுகாப்பு) சட்ட விதிகளே காத்திருப்பு அறையில் பெயர் சொல்லி அழைப்பதை அனுமதிக்கின்றன. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுவதற்கும் தடையில்லை. எதற்காக வந்தார் என்பது அதில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பெயரோடு "ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சு, மனநல டாக்டரைப் பாருங்க" என்று சேர்த்துச் சொல்லும்போதுதான் வினை.

டோக்கன் நல்லதுதான். ஆனால் அறைக்குள் போனதும், கதவைச் சாத்திவிட்டு, பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளி வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். 14க்குப் பதில் 15 எழுந்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டால் அது வேறு தலைவலி.

டாக்டர் பேசுவது வெளியே நாற்காலியில் இருப்பவர்களுக்கு அப்படியே கேட்கிறது. சுவரை இடித்துக் கட்ட வசதியில்லை. என்ன செய்யலாம்?

முதலில் ஒரு சோதனை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாதாரணக் குரலில் செய்தித்தாள் படிக்கட்டும். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். சத்தம் வந்தால் பரவாயில்லை, வார்த்தை புரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

புரிந்தால் கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விரல் நுழையும் அளவு இருந்தாலே பேச்சு தாராளமாக வெளியே வரும். ரப்பர் பட்டை அடித்தால் பாதித் தொல்லை தீரும். அடுத்து, ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையைத் தூக்கிப் பாருங்கள். பல இடங்களில் தடுப்புச் சுவர் அதோடு நின்றுவிடும். பேச்சு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கும். சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகைகளை நம்பிப் பணம் போடாதீர்கள். அவை எதிரொலியைத்தான் குறைக்கும், சத்தத்தைத் தடுக்காது.

நாற்காலிகளை நகர்த்துவதற்குச் செலவே இல்லை. தடையில்லாத இடத்தில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும்; எதிரொலிக்கும் அறையில் அவ்வளவு குறையாது, ஆனாலும் பலன் உண்டு. அப்புறம், பேச்சு புரியாதபடி அமுக்குவதற்கு மெல்லிய இரைச்சல் எழுப்பும் கருவி. இதை டாக்டர் அறைக்குள் வைத்து ஏமாந்தவர்கள் உண்டு. உள்ளே இரைச்சல் இருந்தால் இருவரும் குரலை உயர்த்துவார்கள். கேட்கிறவர் காதுப் பக்கம், அதாவது காத்திருப்பு அறையில்தான் அது இருக்க வேண்டும்.

மற்றவர்கள் பார்க்காமலிருக்க வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டர் திரைக்கு பிரைவசி ஃபில்டர் ஒட்டினால் போதுமா?

பக்கவாட்டில் இருப்பவருக்குத் தெரியாது. நேர் பின்னால் நிற்பவருக்குத் தெரியும். முதலில் மேசையைத் திருப்பிப் போடுங்கள்.

போனில் ஒருவர், "என் மனைவி இன்று அங்கே வந்தாரா?" என்று கேட்டால்?

வந்தார் என்பதே தகவல்தான். "இன்று வரவில்லையே" என்பதும் தகவல்தான். "யாரைப் பற்றியும் போனில் சொல்வதில்லை, அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிப் பழகுங்கள்.

மாமியாரோ கணவரோ கூடவே உள்ளே வருகிறார்கள். வெளியே இருக்கச் சொன்னால் சண்டை.

ஒருவரை மட்டும் நிறுத்தினால் சண்டை வரத்தான் செய்யும். எல்லா நோயாளியையும் முதல் சில நிமிடம் தனியாகப் பார்ப்பது இங்கே வழக்கம் என்று வைத்துவிடுங்கள். வீட்டில் அடி வாங்குகிறவர் அதைச் சொல்ல அந்தச் சில நிமிடம்தான் கிடைக்கும். "கூட யாரும் இருக்கட்டுமா?" என்ற கேள்வியையும் அந்தத் தனிமையில்தான் கேட்க வேண்டும். கூட வந்தவர் முன்னால் கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

எக்ஸ்ரேயைப் படமெடுத்து ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பெயரை மறைத்துவிட்டால் சரிதானே?

சரியில்லை. படத்தின் மூலையில் அடையாள எண்ணும் தேதியும் இருக்கும். அதையும் வெட்டினாலும், அபூர்வமான நோய் என்றால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். போதாததற்கு அந்தப் படம் குழுவில் உள்ள பலரின் கேலரியில் தானாகச் சேமிக்கப்பட்டு, குடும்பப் படங்களோடு கலந்து கிடக்கும். குழுவிலிருந்து அழித்தாலும் சில போன்களில் அங்கேயே இருந்துவிடும். நோயாளியின் சம்மதம் வாங்கி, மருத்துவமனையின் சொந்தச் செயலி வழியாக அனுப்புங்கள். அது இல்லையென்றால் டாக்டரையே கூப்பிட்டுக் காட்டுங்கள்.