இலவச வக்கீலை நம்பலாமா?

கேள்வி: பைக் திருட்டு வழக்கில் என் தம்பியைப் பிடித்துப்போய் இருபது நாளாகிறது. கோர்ட்டே இலவசமாக ஒரு வக்கீலைக் கொடுத்திருக்கிறது. "காசு வாங்காத வக்கீல் கேஸில் அக்கறை காட்ட மாட்டார்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். கழுத்தில் கிடக்கும் சங்கிலியை அடகு வைத்து வேறு வக்கீலைப் பிடிக்கட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இப்போதைக்குச் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும், சகோதரி.

அவர் காசு வாங்காதவர் இல்லை. உங்களிடம் வாங்காதவர், அவ்வளவுதான். 2022-ல் வந்த திட்டத்தின்படி, பல மாவட்டங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவே முழுநேர வக்கீல்களை, இலவச சட்ட உதவிக்கான அரசு அமைப்பான சட்டப்பணிகள் ஆணைக்குழு சம்பளத்துக்கு நியமித்திருக்கிறது. அவர்கள் வெளியே தனி கேஸ் எடுக்கக் கூடாது. உங்கள் ஊரில் அப்படியில்லாமல், ஆணைக்குழுவின் பட்டியலிலிருந்து கேஸுக்குக் கேஸ் அமர்த்தப்படும் வக்கீலாக இருந்தாலும் அவருக்குக் கட்டணம் கொடுப்பது ஆணைக்குழுதான். யாராவது உங்களிடம் பணம் கேட்டால் தயங்காமல் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அவர் ஒரு நீதிபதி.

இது உங்கள் தம்பிக்குச் சட்டம் தந்த உரிமை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில், இலவச வக்கீல் பெறக் காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. பெண்களுக்கும் அப்படித்தான். அருணாசலப் பிரதேசத்தில் சுக் தாஸ் என்பவர் வக்கீலே இல்லாமல் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். இலவச வக்கீல் கிடைக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. 1986-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையையே ரத்து செய்தது.

சரி, உங்கள் பயத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. இந்த வக்கீல்களின் கையில் கேஸ் கட்டு அதிகம். கட்டுக்குள் ஒரு எஃப்.ஐ.ஆர். நகலும் வக்காலத்தும் மட்டும் இருந்தால் எந்த வக்கீலும் அதை வைத்துத்தான் பேச முடியும். வீட்டு ஆட்கள்தான் மீதியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு தாய் பிளாஸ்டிக் கவரில் நான்காக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை என்னிடம் நீட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட அதே நாளில் மகனுக்குக் கையில் தையல் போட்ட சீட்டு. "இதெல்லாம் தேவைப்படுமான்னு தெரியலை" என்றார். அந்தச் சீட்டை வைத்துத்தான் ஜாமீன் மனுவையே எழுதினேன்.

அதனால் வக்கீலை நேரில் போய்ப் பாருங்கள். பெயர் தெரியாவிட்டால் கோர்ட் வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். தம்பியைப் பிடித்த நாள், நேரம், இடம், கூட இருந்தவர்கள், அவன் வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அப்புறம், "சிறையில் அவனைப் பார்த்தீர்களா, அடுத்த வாய்தா என்றைக்கு?" என்று மரியாதையாகவே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பலமுறை போயும் அவர் கண்டுகொள்ளவில்லையென்றால் வேறு வக்கீலைப் போடச் சொல்லி அதே ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம்.

முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. வெறும் திருட்டு வழக்கென்றால், முதல் ரிமாண்டிலிருந்து, அதாவது கோர்ட் அவனை முதன்முதலில் காவலில் வைக்க உத்தரவிட்ட நாளிலிருந்து, 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் ஜாமீன் அவனுக்கு உரிமையாகவே கிடைக்கும். ஆனால் குற்றப்பத்திரிகை வந்துசேர்வதற்கு முன்பே மனு போட்டாக வேண்டும். ஒரு நாள் அசந்தாலும் கை நழுவிவிடும். ரிமாண்ட் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, ஐம்பத்தைந்தாம் நாளே வக்கீலிடம் ஞாபகப்படுத்துங்கள்.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் நிறைய. ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு நிலை வந்தால் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போடுவதும் இதே வக்கீலின் வேலைதான். அதற்காகவும் சங்கிலியைக் கழற்றாதீர்கள்.