நோயை நெய்யலாமா?

கேள்வி: கூடலூரைச் சேர்ந்த நான் கோவையில் ஆடை வடிவமைப்பு படிக்கிறேன். எங்கள் பகுதிப் பழங்குடிக் குடும்பங்களில் காணப்படும் அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை ரத்த நோயைப் பற்றிய விழிப்புணர்வுக்காக, அரிவாள்போல் வளைந்த அந்த ரத்த அணுக்களின் வடிவத்தைச் சால்வைகளில் நெய்து, உலக அரிவாள் செல் தினமான ஜூன் 19 அன்று உதகையில் காட்சிக்கு வைக்க விரும்புகிறேன். தோடர் பூத்தையலையும் சேர்க்க எண்ணம். "பிறர் படும் வேதனையை அலங்காரமாக்குகிறாய்" என்று தோழி சொன்னது மனத்தை உறுத்துகிறது. வரைபடத்தை இணைத்துள்ளேன். செய்யலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கூடலூர்

பதில்: செய்யலாம். ஆனால் தோழியின் சொல்லைப் புறந்தள்ளாமல், அதையே உங்கள் வடிவமைப்புக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

1951-இல் லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்காக, படிகவியல் அறிஞர் ஹெலன் மெகாவின் வழிகாட்டுதலில் ஹீமோகுளோபின், இன்சுலின் முதலியவற்றின் படிக அமைப்புகள் துணிகளிலும் சுவர்த்தாள்களிலும் கோலங்களாயின. அவை அழகாகவே இருந்தன. ஆயினும் பார்த்தவர் வீடு திரும்பிச் செய்யவேண்டியது என்று எதையும் அவை சொல்லவில்லை. அதற்கு அடுத்த ஆண்டுதான் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள், நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணுக்கள் இருப்பதைப் பதிவு செய்தார்கள். எழுபது ஆண்டுகள் கடந்த பிறகும், இதைப் பற்றிக் கேள்விப்படாமலேயே திருமணம் முடிக்கும் குடும்பங்கள் நம் மலையில் இருக்கும்போது, உங்கள் சால்வை ஒரு செயலைச் சொல்லியே ஆகவேண்டும். மணம் பேசும் முன் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே அந்தச் செயல்.

உங்கள் வரைபடத்தில் அரிவாள்கள் மட்டுமே நிறைந்திருக்கின்றன. அது அச்சத்தை ஊட்டுமே தவிர, நோயை விளக்காது. வட்டமாகவும் நெகிழ்வாகவும் இருக்கவேண்டிய சிவப்பணு, உயிர்வாயுவை இறக்கிவிட்டபின் விறைத்து வளைந்து, குறுகிய ரத்தக்குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்வதால்தான் பொறுக்கமுடியாத வலி வருகிறது. ஆகவே சால்வையின் உடற்பகுதியில் வட்டங்களைத் தாராளமாக விட்டு, அவற்றிடையே அங்கங்கே அரிவாள்களை நெய்து, கரை குறுகும் இடத்தில் அந்த அரிவாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து நிற்கும்படி செய்யுங்கள். விரலால் கரையைத் தடவிப் பார்ப்பவருக்கே அடைப்பு என்றால் என்னவென்று புரிந்துவிடும்.

முந்தானைப் பக்கத்தில் நான்கு கட்டங்கள் போதும். தாய், தந்தை இருவருமே இந்த நோய்க்குரிய மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு, சுமப்பவராக மட்டும் இருக்க நான்கில் இரண்டு பங்கு, இரண்டும் இல்லாதிருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. முழுச் சிவப்பு ஒன்று, பாதிச் சிவப்பு இரண்டு, வெள்ளை ஒன்று என்று அதை நெய்யலாம். மூத்த பிள்ளைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்பிவிடுவார்கள் என்று எவரும் தவறாகக் கணக்கிடாதபடி, இது ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியே பொருந்தும் என்பதை அருகில் நிற்பவர் வாயால் சொல்லவேண்டும். சுமப்பவர்கள் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையேல் பெண் பார்க்க வருபவர்கள் ஒதுக்குவதற்கு நாமே வழிசெய்தவர்கள் ஆவோம்.

சால்வையைத் தேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இந்நோயுள்ளவர்களுக்குக் குளிரே வலியைத் தூண்டக்கூடும் என்பதால், அவர்களுக்கு இது வெறும் காட்சிப் பொருளாக இருக்காது.

தோடர் பூத்தையலை மட்டும் விட்டுவிடுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் இழைகளை எண்ணி, சிவப்பும் கருப்புமாய்த் தைக்கும் அந்தக் கலை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அவர்களுடைய பூத்துக்குளி என்னும் போர்வையோடும் சடங்குகளோடும் பிணைந்தது. அவர்கள் கேட்காமல் அதில் ஒரு நோயை ஏற்றுவது முறையாகாது.

தறியில் ஏற்றும் முன், நோயோடு வாழும் பிள்ளையின் தாய் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டுங்கள். அவர் எடுக்கச் சொல்வதை எடுத்துவிட்டு, அதன் பிறகு நூல் வாங்குங்கள்.