விறகு பிளந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது

கேள்வி: எனக்கு 42 வயது. சென்னையில் கணக்கு வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். பொங்கல் விடுமுறைக்கு ராமநாதபுரம் பக்கம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவுக்காகச் சீமைக்கருவேல விறகைப் பிளந்து அடுக்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு நாளாகியும் குனிய முடியவில்லை. ஸ்கேன் எடுக்க வேண்டுமா? எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்? விரல் மூட்டில் குத்திய முள்ளும் இன்னும் உறுத்துகிறது.

பதில்: படுத்தே இருக்காதீர்கள். வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள்ளேயாவது நடங்கள். இது பெரும்பாலும் தசையும் தசைநாரும் இழுபட்டதால் வரும் வலி. சில வாரங்களில் தானாகவே அடங்கும். நடமாடுகிறவர்களுக்குச் சீக்கிரமே சரியாகும். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இருந்தால், வலி மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

ஸ்கேன் இப்போது வேண்டாம். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும், ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு) புடைத்திருப்பது தெரியும். அந்த அறிக்கையைப் படித்துவிட்டுப் பயந்து முடங்கிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் கால் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கழிக்க முடியவில்லை, அல்லது ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இல்லை என்றால் அன்றைக்கே, இரவானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கோடாலிதான் காரணம் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அடுக்கிய வேலை மேல்தான் சந்தேகம். குனிந்து கட்டையை எடுத்து, கால்களை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பிப் பக்கத்தில் வைக்கிறோமே, முதுகுக்கு அதுதான் ஆகாது. அடுத்த முறை கட்டையை உடம்போடு அணைத்துப் பிடித்து, பாதங்களோடு சேர்ந்து திரும்புங்கள். விடிந்ததும் வேலையைத் தொடங்கவும் வேண்டாம். இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்து ஒரு மணி நேரமாவது போன பிறகு குனிந்து வேலை செய்வதே நல்லது. பாதியைப் பிளந்துவிட்டு மீதியை மறுநாளைக்கு வைத்தால் அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம், வேலைக்கு நடுவே நெஞ்சு இறுகினாலோ மூச்சு முட்டினாலோ கோடாலியைப் போட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதுகைவிட அந்த முள்தான் எனக்குக் கவலை தருகிறது. கருவேல முள்ளின் நுனி மூட்டுக்குள் ஒடிந்து தங்கினால், வெளிக்காயம் ஆறிய பிறகும் வாரக்கணக்கில் வீங்கி வலிக்கும். எக்ஸ்ரேயில் முள் பொதுவாகத் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரிய வாய்ப்பு அதிகம். ஊசியால் நோண்டாமல் இந்த வாரமே ஓர் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகள் ஆகியிருந்தால் அதையும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள்.